ஜூனோவின் புகை போர்ட்டர்: ருசி பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ. அங்கே காய்ச்சப்படும் ‘அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டர்’ என்ற கருநிற பீர் ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளிவரும், வழக்கமாக நவம்பர் 1 அன்று. இலையுதிர்காலக் கடைசியில் அந்த ஊருக்குப் போகிறவர்களும், சியாட்டில் பக்கம் எங்கோ ஒரு கடையில் பாட்டிலைப் பார்த்து வாங்கிவிட்டு என்ன செய்வதென்று யோசிக்கிறவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில். நான் இந்த பீரின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

போர்ட்டர் என்றால் என்ன? அதில் புகை எப்படி வந்தது?

போர்ட்டர் 18-ஆம் நூற்றாண்டு லண்டனின் பீர். தெருவிலும் துறைமுகத்திலும் சுமை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. கருப்பாக இருக்கும். காபி, கசப்புச் சாக்லேட், கருகிய ரொட்டி ஓரம் இவற்றின் ருசி இருக்கும்.

புகை விஷயத்துக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை மேலும் வளராமல் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். பழைய காலத்தில் அந்தச் சூடு பெரும்பாலும் விறகிலிருந்து வந்தது. விறகு எரிந்தால் புகை வரும், அந்தப் புகை தானியத்தில் ஏறும். அதனால் ஒரு காலத்தில் ஏராளமான பீர்களில் புகை வாசனை இருந்தது. யாரும் அதை ஒரு சிறப்பாக நினைக்கவில்லை. சொல்லப்போனால் அதைப் போக்கத்தான் பாடுபட்டார்கள். புகையில்லாத கோக் கரி வந்தது. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் கருக வறுத்த மால்ட்டைச் சேர்த்தால் போதும், கருநிறம் வந்துவிடும் என்றானது. போர்ட்டரில் கருப்பு தங்கியது, புகை போய்விட்டது.

ஜெர்மனியின் பாம்பெர்க் போன்ற ஓரிரு ஊர்கள் மட்டும் புகையை விடாமல் வைத்திருந்தன. ஜூனோக்காரர்கள் 1988-இல் அதைத் திரும்பப் போர்ட்டருக்குள் கொண்டுவந்தார்கள்.

ஏன் ஜூனோவில்?

அந்த ஊரில் புகை போடத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதுதான் காரணம்.

ஜெஃப் லார்சன், மார்சி லார்சன் தம்பதி 1986-இல் அலாஸ்கன் ப்ரூவிங் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் கப்பலில். பார்லியும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும், பாட்டிலும் எல்லாமே தண்ணீர் வழியாக வந்து இறங்கும். ‘உள்ளூர் பீர்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அங்கே விளைகிற பொருள் மிகக் குறைவு. தண்ணீர் இருந்தது. அப்புறம் இந்தப் புகை இருந்தது.

அப்போது ஆலைக்கு எதிர்ச்சாரியில் டாக்கு ஸ்மோக்கரீஸ் என்ற மீன் புகையூட்டும் கூடம் இருந்தது. சால்மன் மீனை ஆல்டர் மர விறகின் புகையில் வைத்துப் பதப்படுத்துவது தென்கிழக்கு அலாஸ்காவில் பழைய வழக்கம். ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்குள்ள டிலிங்கிட் மக்கள் சால்மனைப் புகையில் உலர்த்தி குளிர்காலத்துக்குச் சேமித்துவந்தார்கள். அந்தக் கூடத்தில் மீனுக்குப் பதில் மால்ட்டை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதில் பிறந்ததுதான் இந்தப் போர்ட்டர்.

ஆல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனோவைச் சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் போன்ற ஊசியிலை மரங்கள். அவற்றில் பிசின் அதிகம். அந்தப் புகை உணவில் ஏறினால் கசக்கும். ஆல்டர் அகன்ற இலை மரம், பிசின் தொல்லை இல்லை. பனியாறு பின்வாங்கி வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும் நிலத்தில் முதலில் முளைக்கிற மரங்களில் ஒன்று. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் மண்ணில் சத்து இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். ஊருக்குப் பக்கத்திலேயே மென்டன்ஹால் பனியாறு இருக்கிறது. அது விட்டுப்போன இடங்களில் ஆல்டர் புதர் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். கோப்பையில் இருக்கும் வாசனையின் ஊர் அதுதான்.

மீன் வாடை வருமா?

வராது. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதல் மோப்பத்திலேயே “இது சால்மன்!” என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் மூக்கில் பழுது இல்லை. ஆல்டர் புகையில் பதப்படுத்திய சால்மனைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு அந்தப் புகையும் அந்த மீனும் ஒரே நினைவாகப் பதிந்திருக்கும். புகை மட்டும் வந்தாலும் மீனைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். சால்மன் பழக்கமில்லாத ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள், மீன் என்றே சொல்லமாட்டார். நம் ஊர் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் தணலில் சுட்ட கத்தரிக்காயின் தோலை உரிக்கும்போது எழும் வாசனை.

மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. புகை வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. மீனில் ஏறியதும் இவைதான், மால்ட்டில் ஏறியதும் இவைதான்.

நவம்பரில்தான் குடிக்க வேண்டுமா?

சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் அந்த நேரத்தில் குடித்தால் ஏன் இப்படி ஒரு பீரைச் செய்தார்கள் என்பது புரியும்.

ஜூனோவில் சுற்றுலாக் கப்பல் பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபரோடு முடிகிறது. கோடையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் இறங்கி நடக்கும் கடைத்தெரு அதற்குப் பிறகு வெறிச்சோடிவிடும். செப்டம்பரும் அக்டோபரும் மழைக்காலம், நம் ஐப்பசி அடைமழை மாதிரி அடித்துப் பெய்யாது, சாம்பல் நிறத்தில் சன்னமாகப் பெய்துகொண்டே இருக்கும். மலை உச்சிகளில் முதல் பனி வெள்ளையாகப் படியும். அலாஸ்காவில் அதற்கு ‘டெர்மினேஷன் டஸ்ட்’ என்று பெயர், கோடை வேலைகள் முடிந்தன, மூட்டையைக் கட்டு என்பதற்கான அறிகுறி. நவம்பர் தொடக்கத்தில் பகல் வெளிச்சம் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டாக்கு காற்று என்று ஒன்று வேறு கிளம்பும். அது பலமாக அடிக்கும் நாளில் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டும்.

இப்படி இருட்டும் ஈரமுமான மாதத்தில் எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுத்த பீரைக் குடிக்க யாருக்குத் தோன்றும்? கப்பல் கூட்டம் போன பிறகு இது வெளிவருகிறது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே செய்துகொண்டது போல ஓர் உணர்வு.

சரி, எப்படி ருசி பார்ப்பது?

முதலில் ஜில்லென்று குடிக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்தால் 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும். புகை மட்டும் முந்திக்கொண்டு நிற்கும், மால்ட்டின் இனிப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெளியே எடுத்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, 10 முதல் 13 டிகிரிக்குள் குடியுங்கள்.

அடுத்து இடம். அடுப்பில் தாளிப்பு நடக்கும் வீட்டிலோ இறைச்சி சுடும் உணவகத்திலோ உட்கார்ந்து புகை பீரை மோந்து பார்ப்பதில் பயனில்லை. வெளியே முற்றத்தில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பது படத்துக்கு அழகாக இருக்கும். மூக்குக்கு அது பெருந்தொல்லை. விறகுப் புகை ஏற்கெனவே மூக்கை நிரப்பியிருக்க, கோப்பைக்குள் இருப்பது தெரியவே தெரியாது. வாசனைத் திரவியமும் அன்றைக்கு வேண்டாம்.

கோப்பை எதுவாக இருந்தாலும் வாய் கொஞ்சம் குறுகியிருந்தால் நல்லது. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை தங்க இடம் வேண்டும். ஊற்றும்போது முதலில் தெரிவது நுரையின் நிறம். வெள்ளை இல்லை, பால் குறைத்துப் போட்ட டிகிரி காபியின் நுரை போலப் பழுப்பு. பீர் கருப்பாகத் தெரியும், ஆனால் கோப்பையைச் சாய்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால் அடி விளிம்பில் ஒரு மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடும்.

இப்போது மோந்து பாருங்கள். சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. முதலில் புகை, அதற்குப் பின்னால் சாக்லேட், அதற்கும் பின்னால் லேசாக உலர்ந்த பழத்தின் சாயல். பிறகு ஒரு மடக்கு. உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படியவிட்டு, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். புகையின் உண்மையான அளவு அந்த மூச்சில்தான் தெரியும். கசப்பு இருக்கும். கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் இது 45, சாதாரண லாகர் பீர்களைவிடப் பல மடங்கு. ஆனால் மால்ட்டின் கனம் அதைத் தாங்கிக்கொள்வதால் நாக்கில் உறுத்தாது.

குறிப்பு எடுக்கிற பழக்கம் இருந்தால் முதல் மடக்குக்கு ஒன்று, கோப்பை பாதி காலியானதும் ஒன்று என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

முதல் மடக்கு பிடிக்கவில்லை. சாம்பல் கிண்ணத்தைக் கழுவிக் குடித்தது போல இருந்தது. கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள், பத்து நிமிடம் பொறுங்கள்.

மூக்கு ஒரு வாசனையைத் தொடர்ந்து சந்தித்தால் அதைக் கணக்கில் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். புகை பீரில் இது நன்றாகவே வேலை செய்கிறது. முதல் மடக்கில் ஊரையே எரித்தது போல இருக்கும் புகை, நாலாவது ஐந்தாவது மடக்கில் பின்னால் போய் நின்றுகொள்ளும். அப்போதுதான் போர்ட்டர் முன்னே வரும். பாம்பெர்க் ஊர்க்காரர்கள் ஒரு படி மேலே போய், மூன்றாவது கோப்பையில்தான் புகை பீர் பிடிக்கத் தொடங்கும் என்பார்கள். அவர்களுடைய வழக்கமான புகை பீரில் ஆல்கஹால் 5.1 சதவீதம். ஜூனோவினுடையது 6.5. ஆகவே மூன்று கோப்பைக்காகக் காத்திருக்காமல் ஒரே கோப்பையை மெதுவாகக் குடிப்பது மேல்.

சுவை குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதே பழக்கம் எதிரி. இரண்டாவது கோப்பையில் “புகை குறைவு” என்று எழுதிவிடுவார்கள். இடையில் உங்கள் சட்டைக் கையை மோந்து பாருங்கள், அல்லது எழுந்து வெளிக்காற்றில் நின்றுவிட்டு வாருங்கள். மூக்கு பழைய நிலைக்கு வரும்.

பத்து நிமிடம் கழித்தும் பிடிக்கவில்லையா? சரி, பிடிக்கவில்லை. இதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பாட்டிலில் ஆண்டு அச்சிட்டிருக்கிறதே, வைன் மாதிரி பழசாக்கலாமா?

ஆம். இந்த பீரின் சுவாரசியத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான பீர்கள் சில மாதங்களில் களையிழந்துவிடும். இதற்கு ஆல்கஹால் சற்று அதிகம், வறுத்த மால்ட் இருக்கிறது, புகை இருக்கிறது. மீனைக் கெடாமல் காத்த அதே புகைச் சேர்மங்கள் ஆக்சிஜனின் சேதத்தை இங்கேயும் மட்டுப்படுத்துகின்றன.

புதிதாக இருக்கும்போது புகையும் கருகலும் தனித்தனியாக நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் முனைகள் மழுங்கி ஒன்றோடொன்று கலக்கும். இன்னும் போனால் உலர் திராட்சை, ஷெர்ரி வைன் போன்ற ருசிகள் தலைகாட்டும். வெகு காலம் விட்டுவிட்டால், அதுவும் சூட்டில் வைத்திருந்தால், சோயா சாஸ் வாடை வரும். அதற்குள் குடித்துவிட வேண்டும்.

இருட்டான, சூடு ஏறி இறங்காத இடத்தில் நிற்கவைத்துச் சேமியுங்கள். வைன் பாட்டில் போலப் படுக்க வைக்க வேண்டாம். இதன் மூடி தக்கை இல்லை, ஈரம் படத் தேவையில்லை. நான் சொல்வது: இரண்டு வாங்குங்கள். ஒன்றை இந்த இலையுதிர்காலத்தில் திறங்கள், மற்றொன்றை மறந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பாட்டில் வந்ததும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படி ஒப்பிடும்போது பழையதை முதலில் குடிக்க வேண்டும். புதியதை முதலில் குடித்தால் அதன் புகைக்கு மூக்கு அடங்கிப்போய், பழையதன் மென்மை வீணாகிவிடும்.

கூட என்ன சாப்பிடலாம்?

ஆல்டர் புகையில் பதமான சால்மன்தான் முதல் விடை. ஒரே புகை இரண்டிலும் இருப்பதால் ஒன்றை ஒன்று அமுக்காது. மீனின் கொழுப்பை பீரின் கசப்பு அறுத்துக் கொடுக்கும். முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டி இன்னொரு நல்ல துணை. இறைச்சி என்றால் மெதுவாகச் சுட்ட பன்றி, மாடு. இனிப்பு என்றால் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமின் மேல் கொஞ்சம் ஊற்றிச் சாப்பிடலாம். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் ஏமாற்றாது.

தந்தூரி சிக்கன் ஒத்துப்போகும், தணலின் கருகல் அதிலும் உண்டு. செட்டிநாட்டுக் காரம் வேண்டாம். காரம், கசப்பு, ஆல்கஹால் மூன்றும் சேர்ந்தால் நாக்கு எரியும், புகை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் குடிக்கலாமா?

தண்ணீர், பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். பீரின் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் பிறப்பே மீன் புகைக்கூடத்தோடு சம்பந்தப்பட்டது என்பது மனதுக்கு ஒப்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்த நான் யார்? அவர்களுக்கு பாம்பெர்க் பீர் இருக்கிறது. அங்கே மால்ட்டைப் புகையூட்டுவது பீச் மர விறகில். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் இரண்டுமே ஆகாது.

பீர் கெட்டுவிட்டதா, இல்லை அதன் புகையே அப்படித்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல புகை விறகை, சுட்ட பண்டத்தை நினைவூட்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, ஆஸ்பத்திரித் தரை, டெட்டால் இவை நினைவுக்கு வந்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கலாம், வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கலாம். இதில் ஒரு விலக்கு உண்டு. சில ஆலைகளில் ஸ்காட்ச் விஸ்கிக்குப் பயன்படும், ‘பீட்’ என்ற கரிமண்ணை எரித்துப் புகையூட்டிய மால்ட்டைச் சேர்ப்பார்கள். அதில் மருந்து நெடி இயல்பாகவே வரும். மர விறகில் புகையூட்டிய போர்ட்டரில் அது வரக்கூடாது. புளிப்பு தூக்கலாக இருந்தாலும், திறந்ததும் நுரை பொங்கி வழிந்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம்?

நெடுங்காலம் பழக்கத்தில் இருந்த 650 மில்லி பெரிய பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ இரண்டரைக் குவளை மதுவுக்குச் சமம். மூன்று நான்கு பேர் பகிர்ந்து குடிப்பதற்கான பாட்டில் அது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். ஆலைகளின் ருசிபார்க்கும் கூடங்களில் அலாஸ்கா சட்டப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 36 அவுன்ஸ்தான், அதாவது ஒரு லிட்டரும் சொச்சமும். ஈரச் சாலையில், நாலரை மணிக்கே இருட்டும் ஊரில், காரை யார் ஓட்டுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஜூனோவிலிருந்து வடக்கே கிராமங்களுக்குப் போகிறவர்கள் பாட்டிலைப் பையில் வைக்குமுன் விசாரியுங்கள். அலாஸ்காவில் பல கிராமங்கள் வாக்கெடுப்பு நடத்தி மதுவைத் தடை செய்திருக்கின்றன. சில இடங்களில் கொண்டுபோவதே குற்றம்.

இது கிடைக்காத ஊரில் இருக்கிறேன். மாற்று?

இலையுதிர்காலத்துக்கென்றே இன்னொரு புகை பீர் உண்டு. பாம்பெர்க்கின் ஷ்லெங்கர்லா ஆலை அக்டோபரில் வெளியிடும் ஊர்பாக். அதுவும் 6.5 சதவீதம்தான். ஆனால் போர்ட்டர் இல்லை, கருக வறுத்த மால்ட்டின் காபிக் கசப்பு அதில் கிடைக்காது. மால்ட்டின் இனிப்போடு பன்றி இறைச்சி புகையூட்டியது போன்ற வாசனை தூக்கலாக இருக்கும். லேசானது வேண்டுமென்றால் போலந்தின் கிரோஜிஸ்கி இருக்கிறது. ஓக் மரப் புகையேறிய கோதுமை பீர், ஆல்கஹால் மிகக் குறைவு. அது கோடைக்கு.

ஊருக்கு எடுத்துப் போகலாமா?

விமானத்தில் கைப்பையில் முடியாது, 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். சரக்குப் பெட்டியில் வைக்கலாம். 24 சதவீதத்துக்குக் குறைவான மதுவுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. துணியில் நன்றாகச் சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையும் போடுங்கள். உடைந்தால் அந்தப் பெட்டியில் இருக்கும் எந்தச் சட்டையும் இந்த ஜன்மத்தில் புகை வாசனை போகாது. இந்தியாவில் இறங்கும்போது வரியில்லாமல் அனுமதிக்கும் மது 2 லிட்டர். 650 மில்லி பாட்டில் என்றால் மூன்று.